டுப்கி முதல் ஸ்க்ரீன் பாஸ் வரை: வேகமான வீரர் வைக்கும் பொறியில் எதிரணி ஏன் சிக்குவதில்லை? விரிவான அலசல்

அணியில் யார் கைக்கும் சிக்காமல் ஓடும் ஒரு வீரர் இருந்தால், எதிரணியை ஏமாற்றுவது ரொம்ப சுலபம் என்றுதான் நினைப்போம். களத்தில் பல நேரம் நடப்பது தலைகீழ். அவருடைய வேகத்தைப் பார்த்துப் பயந்த எதிரணி, கிட்டவே வராமல் தள்ளி நிற்கிறது. கிட்டவே வராதவரை எப்படி ஏமாற்றுவது?

நம் கபடியில் 'டுப்கி' ஆட்டத்துக்கு இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்கன் ஃபுட்பாலில் 'ஸ்க்ரீன் பாஸ்' ஆட்டத்துக்கும் இதே சிக்கல்தான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதது போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் ஓடுபவை. அது என்ன கணக்கு, இந்தியக் கபடிக்கு இது ஏன் முக்கியம் என்று பார்க்கலாம்.

டுப்கியில் என்ன நடக்கிறது?

பாடிப் போகும் ரைடர் எதிரணிப் பகுதிக்குள் கொஞ்சம் ஆழமாக நுழைகிறார். தடுப்பவர்கள் அவருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் கைகோத்துச் சங்கிலியாக வந்து வழியை அடைக்கிறார்கள். 'மாட்டினான்' என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி ஏறி வரும் அந்த நொடியில், ரைடர் சட்டென்று குனிந்து, கோத்த கைகளுக்குக் கீழே புகுந்து நடுக்கோட்டுக்குப் பாய்ந்துவிடுகிறார். உரசிய அத்தனை பேரும் அவுட். இதுதான் டுப்கி. முங்கி எழுவது என்று பொருள்.

இதில் ரைடரின் இடுப்பு வளைவது மட்டும் போதாது. எதிரணி ஏறி வந்தே ஆக வேண்டும். அவர்கள் கை நீட்டினால்தான் குனிய இடம் கிடைக்கும். மேலே பாய்ந்தால்தான் கீழே வழி திறக்கும்.

இந்த ஆட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் பர்தீப் நர்வால். 2017-ல் நடந்த புரோ கபடி 5-வது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்காக அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 369. அந்த சீசனில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 ரைடு புள்ளிகள் குவித்தார். தமிழ் தலைவாஸ் அணி லீக்கில் அறிமுகமானதும் அதே சீசன்தான். இறுதிப்போட்டி நடந்தது சென்னையில். 2017 அக்டோபர் 28 அன்று குஜராத் அணியை 55-38 என்று வீழ்த்தி, பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

ஏறி வராவிட்டால்?

எதிரணிகளும் டிவியில் ஆட்டம் பார்க்கத்தானே செய்கின்றன? ஒருவர் டுப்கி அடிப்பார் என்று ஊருக்கே தெரிந்தபிறகு, விவரமான தடுப்பாளர்கள் மேலே பாய்வதை நிறுத்திவிடுவார்கள். தோளைப் பிடிக்காமல் கணுக்காலைக் குறி வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாமல் பின்னால் நிற்பார்கள்.

ஒரு ரைடுக்கு 30 நொடிதான். உரசவும் ஆள் இல்லை, குனிந்து நுழையச் சங்கிலியும் இல்லை என்றால், ரைடர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அணி அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி வெறுங்கையோடு வந்தால், மூன்றாவது ரைடு 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். இப்போது அவசரம் யார் பக்கம் வந்துவிட்டது? பொறி வைத்தவர் பக்கம்.

பர்தீப்பின் ஏலத் தொகையைப் பார்த்தால் ஒரு காலகட்டம் முடிந்த கதை தெரியும். 2021-ல் உ.பி. யோதா அணி அவரை 1.65 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்போது அதுதான் லீக்கின் சாதனைத் தொகை. 2024-ல் பெங்களூரு புல்ஸ் கொடுத்தது 70 லட்சம். 2025 ஏலத்தில் யாரும் வாங்கவில்லை. அவரும் ஓய்வை அறிவித்தார். 1,800-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்த ஒருவருக்கு இப்படி ஆனதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் டுப்கிக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதைக் கபடி பார்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த மருந்தின் பெயர் பொறுமை.

சரி, ஸ்க்ரீன் பாஸ்னா என்ன?

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு தரப்படும். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போவது குவார்ட்டர்பேக் என்ற வீரரிடம். அவர் பந்தைத் தூக்கி எறியலாம், வேறு ஒருவர் கையில் கொடுக்கலாம், தானே ஓடவும் செய்யலாம். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உருவங்கள் சுவராக நிற்பார்கள். அவர்கள் லைன்மேன்கள். எதிரணியின் முரட்டு வீரர்கள் அந்தச் சுவரை உடைத்து, குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்க்கப் பாய்வார்கள்.

அந்தப் பாய்ச்சலையே பயன்படுத்திக்கொள்வதுதான் ஸ்க்ரீன் பாஸ். லைன்மேன்கள் ஒரு நொடி தடுப்பது போல நடித்து, எதிரணியை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடுவார்கள். 'சுவர் உடைஞ்சிடுச்சு' என்று அவர்கள் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடுவார்கள். இதற்குள் ரன்னிங் பேக் என்ற ஓட்டக்காரர் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நழுவியிருப்பார். குவார்ட்டர்பேக், பாய்ந்து வருபவர்களின் தலைக்கு மேலாகப் பந்தை மெதுவாக அவருக்குத் தூக்கிப் போடுவார். பாய்ந்தவர்கள் எல்லோரும் இப்போது பந்துக்குப் பின்னால். ஓட்டக்காரருக்கு முன்னால் அவருடைய சொந்த லைன்மேன்களே திரையாக ஓடி வழி செய்வார்கள்.

டுப்கி ஞாபகம் வருகிறதா? அதே கதைதான். அங்கே கைகளுக்குக் கீழே மனிதர் போகிறார், இங்கே தலைகளுக்கு மேலே பந்து போகிறது. இரண்டுக்கும் முதலீடு எதிராளியின் அவசரம்.

இதில் நேரக்கணக்கு மிக முக்கியம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். பாவு நூல் மேலும் கீழும் விலகி வழி திறக்கும் அந்தக் கண நேரத்தில் நாடா பாய்ந்து மறுபக்கம் போய்விட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நூல் மூடிக்கொள்ளும், நாடா நடுவில் மாட்டும், இழை அறுந்துபோகும். ஸ்க்ரீன் பாஸுக்கும் அப்படி ஒரு கண நேரம்தான் இருக்கிறது.

ஓடும் குவார்ட்டர்பேக் வந்தால் என்ன மாறுகிறது?

எல்லா குவார்ட்டர்பேக்கும் ஓட மாட்டார்கள். புகழ்பெற்ற டாம் பிரேடி நின்ற இடத்தில் நின்று எறிந்தவர். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சன் வேறு ரகம். 2019 சீசனில் மட்டும் 1,206 யார்டு ஓடியே கடந்தார். குவார்ட்டர்பேக் ஒருவர் ஒரே சீசனில் அவ்வளவு ஓடியது அதற்கு முன் நடந்ததில்லை. இப்படிப்பட்டவர் அணியில் இருந்தால் ஸ்க்ரீன் பாஸுக்கு நான்கு பக்கமும் இடைஞ்சல் வருகிறது.

1. பாய்வதில்லை, வளைக்கிறார்கள்: நின்ற இடத்தில் நிற்பவரை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம். ஓடுபவரிடம் அப்படிப் போனால், அவர் ஒரு அடி விலகி, விட்ட இடைவெளியில் 20 யார்டு போய்விடுவார். அதனால் தடுப்பவர்கள், குறிப்பாக இரண்டு ஓரங்களில் இருப்பவர்கள், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலி போட்டது போல வெளிப்பக்கத்தை அடைத்து நிற்பார்கள். ரன்னிங் பேக் நழுவிப் போக வேண்டிய இடமும் அதே வெளிப்பக்கம்தான். பொறி வைத்த இடத்தில் ஏற்கெனவே ஆள் நிற்கிறார்.

2. ஒருவருக்கு அதே வேலை: இப்படிப்பட்ட குவார்ட்டர்பேக்கைக் கண்காணிக்க மட்டும் எதிரணி ஒரு வீரரை ஒதுக்குவது வழக்கம். இவர் முன்னால் பாயவும் மாட்டார், பின்னால் போகவும் மாட்டார். நடுவில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஸ்க்ரீன் பாஸ் விரிவதை முதலில் கண்டுபிடிப்பவர் இவர்தான்.

3. எல்லோர் கண்ணும் பந்தின்மேல்: ஆளுக்கு ஓர் ஆள் என்று பிடித்து ஓடினால், தடுப்பவர்களின் முதுகு குவார்ட்டர்பேக்கைப் பார்த்து இருக்கும். அவர் ஓட ஆரம்பித்தால் யாருக்கும் தெரியாது. அதனால் ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு எதிராக, இடத்தைப் பிரித்துக்கொண்டு முன்னோக்கிப் பார்த்து நிற்கும் முறையைப் பல அணிகள் நாடுகின்றன. எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரமாக நழுவும் ஒருவர் எப்படி மறைந்து போக முடியும்?

4. அவருடைய கால்களே எதிரி: ஸ்க்ரீன் பாஸில் குவார்ட்டர்பேக் சொன்ன இடத்தில், சொன்ன நேரம் வரை, அடி விழும் என்று தெரிந்தும் நிற்க வேண்டும். ஓடத் தெரிந்தவருக்கு ஆபத்து நெருங்கினால் கால் தானாக நகரும். அவர் நகர்ந்தால் பாய்ந்து வருபவர்களும் திசை மாறுவார்கள், லைன்மேன்களுக்கும் எங்கே போவது என்று குழப்பம். போதாக்குறைக்கு ஒரு விதி இருக்கிறது. என்.எஃப்.எல் லீக்கில் பந்து எறியப்படுவதற்கு முன் லைன்மேன்கள் கோட்டைத் தாண்டி 1 யார்டுக்கு மேல் போகக்கூடாது. குவார்ட்டர்பேக் ஒரு நொடி தாமதித்தாலே அபராதம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்மூடித்தனமாகப் பாயும் எதிரணிக்குப் பாடம் கற்பிக்கத்தான் ஸ்க்ரீன் பாஸ். ஓடும் குவார்ட்டர்பேக் அந்தப் பாடத்தைத் தன் கால்களாலேயே கற்பித்துவிடுகிறார். அதனால் அவருடைய அணிக்கு ஸ்க்ரீன் பாஸ் பலிக்காதது மட்டுமே பெரிய நஷ்டம் ஆகிவிடாது. அது நஷ்டமாவது, பயிற்சியாளர் இதைப் புரிந்துகொள்ளாமல் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போதுதான்.

அப்போ மஹோம்ஸ் மட்டும் எப்படி?

'கன்சாஸ் சிட்டி அணியின் பேட்ரிக் மஹோம்ஸும் ஓடுவாரே, அவருக்கு மட்டும் ஸ்க்ரீன் பாஸ் எப்படி பலிக்கிறது?' என்று இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மஹோம்ஸ் நகர்வது பெரும்பாலும் எறிவதற்கு நேரம் தேடி. முன்னால் ஓடிப் புள்ளி எடுப்பது அவருடைய முதல் வேலை இல்லை. அதனால் அவரை எறிய விடாமல் அடிக்க வேண்டும் என்ற அவசரம் எதிரணிக்குக் குறைவதில்லை. அவருடைய பயிற்சியாளர் ஆண்டி ரீட் ஸ்க்ரீன் பாஸ் வகுப்பதில் பெயர் பெற்றவர். எதிரணி பாய்ந்தே தீர வேண்டிய கட்டங்களில் அதை வைப்பார். உதாரணமாக, மூன்றாவது வாய்ப்பு, இன்னும் நிறைய யார்டு பாக்கி என்ற நிலை. 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கூட்டணி சூப்பர் பவுல் வென்றது.

ஆக, குவார்ட்டர்பேக் ஓடுவாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. அவரைப் பார்த்து எதிரணி என்ன செய்கிறது, பாய்கிறதா அல்லது நிற்கிறதா? விடை அதில்தான்.

ஹாங்சோவின் கடைசி நிமிடம்

எதிரணி அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 7. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆடவர் கபடி இறுதி ஆட்டம். இந்தியா, ஈரான் இரண்டும் 28-28. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம்.

இந்திய கேப்டன் பவன் ஷெராவத் டூ ஆர் டை ரைடுக்குப் போகிறார். 2019 புரோ கபடியில் ஒரே ஆட்டத்தில் 39 ரைடு புள்ளி எடுத்தவர் அவர். யாரையும் தொடாமலேயே ஓரத்தில் இருக்கும் லாபி பகுதிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்கும் வேகத்தில் ஈரான் தடுப்பாளர்களும் பின்னாலேயே லாபிக்குள் பாய்ந்துவிட்டார்கள். தொடாமல் லாபிக்குள் போனால் ரைடர் அவுட். துரத்திப் போனவர்களும் அவுட்டா? பழைய விதி ஒன்று சொல்ல, புதிய விதி இன்னொன்று சொல்ல, நடுவர்கள் முடிவை மாற்றி மாற்றி அறிவிக்க, இரு அணியும் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1 என்று கொடுத்தார்கள். 33-29 என்று இந்தியா தங்கம் வென்றது.

விதிச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நொடியில் ஈரான் வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், பவன் தனியாக அவுட். சர்ச்சைக்கே இடமில்லை. சமநிலை, கடைசி நிமிடம், எதிரில் பவன் என்ற மூன்றும் சேர்ந்து அவர்களை ஓட வைத்தன. பவன் திட்டமிட்டாரோ இல்லையோ, பொறி தானாக விழுந்தது.

இதே ஈரான் 2018 ஜகார்த்தாவில் பொறுமையாக ஆடியது. அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990 முதல் 2014 வரை நடந்த ஏழு ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணி, முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கே போகாமல் திரும்பியது. மறுநாள் மகளிர் இறுதி ஆட்டத்திலும் ஈரான் 27-24 என்று வென்றது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஈரானின் ஃபஸல் அத்ராச்சலி போன்ற தடுப்பாளர்கள் பல ஆண்டுகளாகப் புரோ கபடியில் நம் ரைடர்களோடு ஒரே களத்தில் ஆடுகிறார்கள். யார் எப்போது குனிவார், யார் எந்தக் காலை முதலில் வைப்பார் என்று அவர்களுக்கு மனப்பாடம். நம் ரைடரின் வேகம் அவர்களுக்கு இனி அதிர்ச்சி தராது.

நம்ம ஊர் களத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

பொங்கல் சமயத்தில் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கமோ, கும்மிடிப்பூண்டி பக்கமோ நடக்கும் ஊர்க் கபடியைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஒவ்வோர் அணியிலும் 'அவனை விட்டா ஆள் இல்ல' என்று சொல்லப்படும் ஒரு ரைடர் இருப்பார். முதல் இரண்டு சுற்றில் அவர் எதிரணியைக் கலங்கடிப்பார். அரையிறுதிக்கு வரும்போது எல்லா அணிக்கும் அவரைத் தெரிந்திருக்கும். யாரும் ஏறி வர மாட்டார்கள். அவர் வெறுங்கையோடு திரும்பத் திரும்ப, அணியின் மூச்சு குறையும்.

இதற்கு வழி இருக்கிறது. மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, இரண்டாவது ரைடர். எல்லோர் கண்ணும் ஒருவர்மேல் இருக்கும்போது, இன்னொருவர் போனால் தடுப்பாளர்கள் தயக்கத்தை விட்டுப் பாய்வார்கள். பாய்ந்தால்தான் பொறி வேலை செய்யும்.

இரண்டாவது, போனஸ் கோடு. எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலே ஒரு புள்ளி. பின்னால் ஒதுங்கி நின்றால் போனஸ் போகும் என்றால், அவர்கள் முன்னால் வந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, நேரம். எதிரணி பின்தங்கி இருக்கும்போதும், ஆட்டம் முடியும் தறுவாயிலும்தான் அவர்களுக்கு அவசரம் அதிகம். டுப்கியை அந்த நேரத்துக்குச் சேமித்து வைக்கும் ரைடருக்குப் பலன் அதிகம். ஆண்டி ரீட் ஸ்க்ரீன் பாஸில் செய்வதும் இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று வீழ்த்தியது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஆடவர் அணியும் ஈரானைத்தான் வென்றது, ஆனால் 35-32 என்ற மயிரிழையில். அடுத்த தலைமுறையிலும் எதிரில் நிற்கப்போவது ஈரான்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2028-ல் என்ன ஆகும்?

ஒலிம்பிக்கில் கபடி இன்னும் இல்லை. ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலின் தம்பி போன்ற 'ஃப்ளாக் ஃபுட்பால்' 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம் பிடித்துவிட்டது. அந்த முடிவு எடுக்கப்பட்டது நம் நாட்டில்தான், 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில். கிரிக்கெட்டுக்கு அனுமதி கிடைத்ததும் அதே கூட்டத்தில்தான்.

ஃப்ளாக் ஃபுட்பாலில் அணிக்கு 5 பேர். மோதிச் சாய்க்கக் கூடாது, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். எதிராளியை உடம்பால் மறிப்பதற்கும் தடை. குவார்ட்டர்பேக் பந்தோடு கோட்டைத் தாண்டி ஓடவும் முடியாது. ஆக, லைன்மேன்கள் திரையாக ஓடும் ஸ்க்ரீன் பாஸுக்கும் அங்கே இடமில்லை, ஓடும் குவார்ட்டர்பேக்குக்கும் இடமில்லை. இந்தக் கட்டுரையின் சண்டையே அங்கே கிடையாது.

கபடியில் அந்தச் சண்டை தொடரும். 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்குகிறது. இந்தியா, ஈரான் ஆட்டம் வந்தால், கேமரா ரைடரைத்தான் காட்டும். நீங்கள் கொஞ்சம் பார்வையைத் தாழ்த்தி, எதிரில் நிற்கும் தடுப்பாளர்களின் கால்களைக் கவனியுங்கள். குதிகால் தரையில் பதிந்திருந்தால் அவர்கள் காத்திருக்கிறார்கள், நம் ரைடருக்கு வேலை கஷ்டம். குதிகால் எழும்ப ஆரம்பித்துவிட்டால், டுப்கிக்கு வழி திறக்கப் போகிறது என்று அர்த்தம்.